ஏழு மில்லிமீற்றர் ஆழத்தில்: ஒரு கொழுந்துத் தொழிலாளியின் ஈறு நோயும் இரண்டு சிகிச்சைகளும்

நோயாளி 44 வயதுப் பெண். ஹட்டனுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். ஆறு ஆண்டுகளாக நீரிழிவுக்கு மாத்திரை எடுத்து வருகிறார். வெற்றிலையோடு புகையிலையும் சேர்த்துப் போடும் பழக்கம் இளவயதிலிருந்தே உண்டு. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதுவதற்கு அவருடைய சம்மதம் இருக்கிறது.

அவர் சிகிச்சை கேட்டு வரவில்லை, பல்லைப் பிடுங்கச் சொல்லி வந்தார். கீழ் இடது கடைவாய்ப் பக்கம் அடிக்கடி வீங்கும், சீழ் வரும், பிறகு தானாக வற்றிவிடும். பல் துலக்கினால் எச்சிலோடு இரத்தம் வரும். மேல் இடது கடைசிப் பல் ஆடிக்கொண்டிருந்தது. இதற்கு முன்பு ஓர் இடத்தில் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "இது ஒவ்வொன்றாக விழத்தான் போகிறது, எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பல்செட் கட்டுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவரும் அதையே என்னிடம் திருப்பிச் சொன்னார்: "எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் டொக்டர். எங்கள் அம்மாவுக்கும் இந்த வயதில் பல் இல்லை."

தாய்க்குப் பல் இல்லை, ஆகவே மகளுக்கும் இருக்காது என்ற இந்த நம்பிக்கை மலையகத்தில் ஊறிப்போனது. அது சரியல்ல என்பதற்கான சான்று நம் மலைகளிலேயே சேகரிக்கப்பட்டது. பல் மருத்துவ ஆய்வாளர் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் 1970இல் பூண்டுலோயாப் பக்கத்து டன்சினன், ஹரோ தோட்டங்களில் 14 முதல் 31 வயது வரையிலான 480 ஆண் தொழிலாளர்களின் வாய்களைப் பரிசோதித்தார்கள். பல் துலக்கும் வழக்கமோ பல் மருத்துவ வசதியோ இல்லாத ஒரு சமூகத்தில் ஈறு நோய் தன்போக்கில் எப்படி வளர்கிறது என்று பார்ப்பதே நோக்கம். 15 ஆண்டுத் தரவுகள் 1986இல் வெளியாயின. ஏறத்தாழ 8 வீதத்தினருக்கு நோய் வேகமாக ஓடியது. 45 வயதுக்குள் அவர்கள் பற்கள் அனைத்தையும் இழந்தார்கள். 81 வீதத்தினருக்கு நோய் மிதமான வேகத்தில் நகர்ந்தது. அதே வயதில் அவர்கள் சராசரியாக ஏழு பற்களை இழந்திருந்தார்கள். மீதி 11 வீதத்தினரிடம் ஈறுகளில் அழற்சி இருந்தும் எலும்புக்குள் நோய் இறங்கவில்லை. உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் இந்த எண்களைப் படித்துத் தேர்வு எழுதுகிறார்கள். எங்கள் பாட்டன்மாரின் வாய்கள் உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது. அதன் பலன் அவர்களுடைய பேத்திகளுக்கு வந்து சேர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அந்த 81 வீதம் என்ற எண்ணை நான் மருத்துவ ரீதியாகவே எடுத்துக்கொள்கிறேன். எந்தப் பராமரிப்பும் இல்லாத நிலையிலேயே பெரும்பாலானோருக்கு நோய் மெதுவாகத்தான் போயிருக்கிறது என்றால், தடுத்து நிறுத்துவதற்கு நமக்குக் காலம் இருக்கிறது. எல்லாப் பற்களையும் எடுத்துவிடும் அவசரம் பெரும்பாலான வாய்களுக்குத் தேவையில்லை.

பரிசோதனை

ஏற்கெனவே ஒரு பல் பிடுங்கப்பட்டிருந்தது. ஆடிக்கொண்டிருந்த மேல் இடது கடைசிப் பல்லைச் சுற்றி வேர் நுனி வரை எலும்பே இல்லை. அதைக் காப்பாற்ற வழியில்லாததால் அகற்றினேன். மீதி 26 பற்கள். ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடங்களில் அளவுகோல் ஊசியை விட்டு, ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பையின் ஆழத்தைக் குறித்தேன். மொத்தம் 156 இடங்கள். நல்ல ஈறில் இந்த ஆழம் 1 முதல் 3 மில்லிமீற்றருக்குள் நிற்கும். இவருக்கு 78 இடங்களில் 4 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ இருந்தது. அவற்றில் 31 இடங்கள் 6 மில்லிமீற்றருக்குக் குறையாதவை. பற்பரப்புகளில் 84 வீதத்தில் பற்படலம், அதாவது கிருமிகள் சேர்ந்த மெல்லிய படிவு, ஒட்டியிருந்தது. ஊசி பட்ட இடங்களில் 72 வீதத்தில் இரத்தம் கசிந்தது.

எக்ஸ்ரேயில் கடைவாய்ப் பற்களைச் சுற்றி வேரின் பாதி உயரம் வரை எலும்பு கரைந்திருந்தது. மூன்று மாதச் சராசரிச் சீனி அளவான ஏ1சி 8.1. இப்போது வழக்கத்திலுள்ள 2018 வகைப்பாட்டின்படி இது நான்கு நிலைகளில் மூன்றாம் நிலை. வேகத்தின் அடிப்படையில் 'சி' தரம், அதாவது மிக வேகமானது. எலும்பிழப்பை வயதோடு ஒப்பிட்டாலும், ஏ1சி 7ஐத் தாண்டியிருப்பதைக் கணக்கில் எடுத்தாலும் அதே தரம்தான் வருகிறது. கன்னத்தின் உட்பக்கமும் நாக்கின் அடியும் வெள்ளைத் திட்டு ஏதுமின்றிச் சுத்தமாக இருந்தன. புகையிலையோடு வெற்றிலை போடுபவரின் வாயில் ஈறை மட்டும் பார்த்துவிட்டு அனுப்புவது கூடாது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான், பெண்களையும் அது விட்டுவைப்பதில்லை.

கத்தியா, கத்தி இல்லாமலா

சத்திரசிகிச்சை இல்லாத முறையில், ஈறை வெட்டாமல் நுண்ணதிர்வுக் கருவியையும் கைக் கருவிகளையும் பைக்குள் இறக்கி வேர்மேல் கல்லாக இறுகி ஒட்டியுள்ள காரையையும் கிருமிப் படலத்தையும் சுரண்டி எடுக்கிறோம். சத்திரசிகிச்சையில் ஈறை மடலாகத் திறந்து, வேரையும் எலும்பையும் கண்ணால் பார்த்து அதே வேலையைச் செய்கிறோம். தேவைப்பட்டால் எலும்பின் விளிம்பையும் சீர்செய்து தைக்கிறோம். இரண்டின் நோக்கமும் ஒன்றுதான். வித்தியாசம் பார்வையிலும் எட்டும் தூரத்திலும் இருக்கிறது.

மூடிய பைக்குள் வேலை செய்வது இருட்டில் துழாவுவதுதான். 1986இல் வெளியான ஓர் ஆய்வில், பின்னர் பிடுங்கப்படவிருந்த பற்களை முதலில் சுத்தம் செய்து, எடுத்த பிறகு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஆழம் 3 மில்லிமீற்றருக்குள் இருந்தபோது இரண்டு முறையிலும் 86 வீதப் பரப்புகள் காரையின்றி இருந்தன. 4 முதல் 6 மில்லிமீற்றரில் மூடிய முறைக்கு 43 வீதம், திறந்த முறைக்கு 76 வீதம். அதற்கும் ஆழமான பைகளில் 32 வீதமும் 50 வீதமும். திறந்து பார்த்தும்கூட ஆழமான இடங்களில் பாதிதான் முழுச் சுத்தமாகிறது என்பது இந்த எண்களுக்குள் இருக்கும் கசப்பான செய்தி.

அப்படியானால் எல்லாருக்கும் திறந்தே செய்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் அடுத்த உண்மை குறுக்கே நிற்கிறது. ஈறு ஆறுவதற்கு வேரில் துளிக் காரையும் மிஞ்சக்கூடாது என்ற கட்டாயம் இல்லை. கிருமிச் சுமை ஓர் அளவுக்குக் கீழே போனால் உடல் மீதியைப் பார்த்துக்கொள்கிறது. அதோடு, ஆழமில்லாத இடத்தில் ஈறைத் திறந்தால், ஈறு வேரைப் பற்றிப் பிடித்திருக்கும் அளவையே, அதாவது பற்றையே, இழக்கிறோம். சுவீடனில் லிண்டேயும் அவருடைய குழுவினரும் 1982இல் இந்த எல்லைகளை அளந்து காட்டினார்கள். வெட்டாத சிகிச்சை 2.9 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பைகளில் பற்றைக் கூட்டியது, அதற்குக் கீழே குறைத்தது. வெட்டித் திறந்த சிகிச்சைக்கு அந்த எல்லை 4.2 மில்லிமீற்றர். இரண்டையும் ஒப்பிட்டால் ஏறத்தாழ 5.4 மில்லிமீற்றருக்கு மேலேதான் திறந்த முறை முந்தியது. பல ஆய்வுகளைத் திரட்டி 2002இல் வெளியான மீளாய்வும் அதையே உறுதிசெய்தது. 6 மில்லிமீற்றரைத் தாண்டிய பைகளில் ஓராண்டு முடிவில் சத்திரசிகிச்சை ஆழத்தை 0.6 மில்லிமீற்றர் கூடுதலாகக் குறைத்தது, பற்றில் 0.2 மில்லிமீற்றர் கூடுதலாகக் கொடுத்தது. 4 முதல் 6 வரையிலான பைகளில், பற்றைப் பொறுத்தவரை, வெட்டாத முறையே 0.4 மில்லிமீற்றர் முந்தி நின்றது.

ஆகவே எந்தச் சிகிச்சை சிறந்தது என்று ஒரு வாய் முழுவதற்கும் சேர்த்துக் கேட்பதில் பயனில்லை. பைக்குப் பை பதில் மாறுகிறது. 2020இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டியும் இதைப் படிப்படியாகத்தான் அமைத்திருக்கிறது: முதலில் நோயாளியின் பழக்கங்கள், பிறகு ஈறுக்கு அடியில் வெட்டாமல் சுத்தம் செய்தல், மறுபரிசோதனை, அதன் பிறகும் 6 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ மிஞ்சும் இடங்களில் சத்திரசிகிச்சை. 4, 5 மில்லிமீற்றரில் மிஞ்சுபவற்றுக்கு வெட்டாத சிகிச்சையை மீண்டும் செய்வது. கடைசியில் ஆயுள் முழுவதும் பராமரிப்பு.

முதல் கட்டம்

ஜூலையில் தொடங்கினோம். கண்ணாடியைக் கையில் கொடுத்து, அவருடைய வாயில் எங்கே இரத்தம் வருகிறது என்று அவரையே பார்க்கச் செய்தேன். அவர் தூரிகையைக் குறுக்காக அழுத்தித் தேய்த்து வந்தார். பற்களின் முகம் பளிச்சென்று இருந்தது, இடுக்குகளில் படலம் அப்படியே கிடந்தது. மென்மையான தூரிகையை ஈறோரம் சாய்த்துப் பிடிக்கவும், கடைவாய்ப் பற்களுக்கு நடுவே பல்லிடைத் தூரிகையை விடவும் பழக்கினேன். விளக்கிச் சொன்னது கொஞ்சம்தான். பெரும்பாலான நேரம் அவர் கையைப் பிடித்துச் செய்து காட்டினேன். புகையிலையை விட ஒப்புக்கொண்டார். வெற்றிலையை உடனே விட முடியாது என்று நேராகவே சொன்னார். இரண்டில் ஒன்று முதலில் போகட்டும் என்று நானும் ஏற்றுக்கொண்டேன். நீரிழிவுக் கிளினிக்கில் மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள்.

ஓகஸ்ட்டில் விறைக்கும் ஊசி போட்டு, அடுத்தடுத்த இரண்டு நீண்ட அமர்வுகளில் வாய் முழுவதையும் ஈறுக்கு அடியில் சுத்தம் செய்தேன். வாயை நான்கு கால்களாகப் பிரித்து வாரம் ஒன்றாகச் செய்வது பழைய வழக்கம். சில நாட்களுக்குள் முழுவாயையும் முடிப்பதற்கும் அதற்கும் பலனில் பெரிய வேறுபாடு இல்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. மலையகத்தில் அந்தச் சமநிலை மிகப் பெறுமதியானது. வைத்தியசாலைக்கு வரும் ஒவ்வொரு நாளும் அவருக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளக் கணக்கு, போகிறது. பாதி நாளில் திரும்பினாலும் அரைப்பேர்தான். அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குப் பணம் இல்லை என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம், அந்தப் பெருமையில் நியாயம் இருக்கிறது. ஆனால் பஸ் கட்டணமும் இழந்த நாட்சம்பளமும் சேர்ந்து அவர் கொடுக்கும் விலையை நாம் எந்த அட்டையிலும் எழுதுவதில்லை.

நுண்ணுயிர்க் கொல்லி மாத்திரை கொடுக்கவில்லை. தீவிரமாகச் சீழ் கட்டிய நிலையில் அவர் அப்போது இல்லை, வழக்கமாகக் கொடுப்பதை வழிகாட்டியும் பரிந்துரைப்பதில்லை.

தீபாவளி முடிந்து நவம்பரில் மறுபடி அளந்தேன். பற்படலம் 84 வீதத்திலிருந்து 22க்கு இறங்கியிருந்தது. இரத்தக் கசிவு 19 வீதம். 4 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் இருந்த 78 இடங்களில் 24 மட்டுமே மிஞ்சின. 6 மில்லிமீற்றருக்குக் குறையாத 31 இடங்கள் 9 ஆகியிருந்தன. கத்தி படாமலே 22 ஆழமான பைகள் மேலேறிவிட்டன. முதல் நாளே ஈறைத் திறந்திருந்தால், இந்த 22 இடங்களிலும் தேவையில்லாமல் வெட்டியிருப்போம், சுற்றியுள்ள ஆழமற்ற இடங்களில் பற்றையும் இழந்திருப்போம்.

இன்னும் ஒரு காரணத்துக்காகவும் இந்தக் காத்திருப்பு அவசியம். 1977இல் நைமன், லிண்டே, ரோஸ்லிங் மூவரும் வெளியிட்ட ஆய்வில், பற்படலத்தைக் கட்டுப்படுத்தாத வாய்களில் ஈறுச் சத்திரசிகிச்சை செய்து பின்தொடர்ந்தார்கள். எந்த முறையில் வெட்டியிருந்தாலும் பைகள் திரும்பின, பற்று முன்பைவிடக் குறைந்தது. 84 வீதப் படலத்தோடு இவரைச் சத்திரசிகிச்சைக்கு அனுப்பியிருந்தால் நன்மை செய்வதாக நினைத்துக்கொண்டு தீமை செய்திருப்போம். 22 வீதத்துக்கு இறங்கியது அவருடைய கை செய்த வேலை. சத்திரசிகிச்சையைப் பற்றிப் பேசும் தகுதியை அந்த எண்தான் எங்களுக்குக் கொடுத்தது.

மிஞ்சிய பைகளை மீண்டும் சுத்தம் செய்தேன். பெப்ரவரியில் 6 மில்லிமீற்றருக்குக் குறையாதவை ஐந்தே இடங்கள்: மூன்று கீழ் இடது முதல் கடைவாய்ப்பல்லில், இரண்டு மேல் வலது முதல், இரண்டாம் கடைவாய்ப் பற்களுக்கு இடையில்.

பேராதனை

கீழ் இடது பல்லில் ஆழம் 7 மில்லிமீற்றர். தொட்டால் இரத்தம், ஒருமுறை சீழும் வந்தது. எலும்பில் சிறு குழி, அதன் ஆழம் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர். 3 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் இருந்தால் எலும்பை மீள வளர்க்கும் சத்திரசிகிச்சையை யோசிக்கலாம். இங்கே அந்தத் தேவை எழவில்லை. பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினேன். மார்ச் தொடக்கத்தில் ஈற்று மடலைத் திறந்தபோது, இரு வேர்களும் பிரியும் பள்ளத்தில் கருமையான காரைத் துண்டொன்று ஒட்டியிருந்ததைக் கண்டார்கள். மேலிருந்து எத்தனை முறை கருவியை விட்டாலும் எட்டாத மூலை அது. சுத்தம் செய்து தைத்தார்கள். இரண்டு வாரம் குளோர்ஹெக்சிடின் வாய்கொப்பளிப்பு, வலிக்குப் பரசிட்டமோல். தையலை நானே இங்கே பிரித்தேன், அதற்காக இன்னொரு முறை கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று பஸ் ஏறி இறங்க வேண்டியதில்லை.

மேல் வலது பக்கத்துக்கும் சத்திரசிகிச்சை என்று சொன்னபோது அவர் மறுத்தார். ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து பெருகிவரும் காலம். அந்த வருமானத்தை விட முடியாது. நியாயமான மறுப்பு. ஆகவே அந்தப் பக்கத்தை மார்ச்சில் மீண்டும் வெட்டாமலே சுத்தம் செய்தேன். ஒரே வாயில் இரண்டு வழிகளும் பக்கம் பக்கமாக நடந்தது இப்படித்தான்.

ஓராண்டுக்குப் பிறகு

கீழ் இடது பக்கம், சத்திரசிகிச்சை செய்த இடத்தில்: பை 7 மில்லிமீற்றரிலிருந்து 4 ஆனது. ஈறு முன்பு 1 மில்லிமீற்றர் இறங்கியிருந்தது, இப்போது 3 மில்லிமீற்றர். அதாவது குறைந்த 3 மில்லிமீற்றரில் இரண்டு ஈறு கீழிறங்கியதால் வந்தவை, உண்மையான பற்று கூடியது 1 மில்லிமீற்றர். இரத்தம் இல்லை, வீக்கம் திரும்பவில்லை. வேர் வெளியே தெரிவதால் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறது. விடியற்காலையில் பீலித் தண்ணீரில் வாய் கழுவுகிறவருக்கு அது சின்ன விஷயம் அல்ல. புளோரைட் பூசிய பிறகு குறைந்திருக்கிறது.

மேல் வலது பக்கம், வெட்டாத இடத்தில்: 6 மில்லிமீற்றரிலிருந்து 5. ஈறு இறங்கவில்லை. பற்று அங்கேயும் 1 மில்லிமீற்றர் கூடியிருக்கிறது. கூச்சம் இல்லை. ஆனால் இரண்டு இடங்களில் ஒன்றில் இன்னும் இரத்தம் கசிகிறது.

பற்றில் இரண்டும் சமம், ஆழத்தில் சத்திரசிகிச்சை முந்தி நிற்கிறது, அதற்கு விலையாக ஈறு இறங்கி வேர் கூசுகிறது. பெரிய ஆய்வுகள் காட்டும் கோலம்தான் இது. ஒரு வாயை வைத்து எதையும் நிறுவ முடியாது. மேல்தாடைக் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வேர்கள், கீழ்ப் பல்லுக்கு இரண்டு; தொடக்க ஆழமும் ஒன்றல்ல. இருந்தாலும், 4 மில்லிமீற்றரில் இரத்தமின்றி நிற்கும் பையை வீட்டிலேயே சுத்தமாக வைத்திருக்க முடியும். 5 மில்லிமீற்றரில் கசியும் பை என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை. மிஞ்சிய பை ஆழமாக இருந்து இரத்தமும் கசிந்தால் நோய் திரும்பும் ஆபத்து அதிகம்.

ஏ1சி 7.4 ஆகியிருக்கிறது. மாத்திரையைக் கூட்டியதால் எவ்வளவு, ஈறு ஆறியதால் எவ்வளவு என்று இவரிடம் பிரித்துச் சொல்ல இயலாது. ஈறுச் சிகிச்சை மூன்று, நான்கு மாதங்களில் ஏ1சியைச் சராசரியாக 0.4 அளவு குறைக்கிறது என்று பல ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. நீரிழிவுக் கிளினிக்கில் காலைப் பரிசோதிப்பதுபோல் வாயையும் திறந்து பார்க்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

மலையகத் தொழிலாளியைப் பற்றிப் பேசும்போது இரண்டு வகையான தவறுகள் நடக்கின்றன. சிலர், 'இவர்களால் பராமரிக்க முடியாது, பிடுங்கிவிடுவதே நல்லது' என்கிறார்கள். வேறு சிலர், 'வெட்டாத சிகிச்சையே போதும், பேராதனைக்கு எதற்கு அலைக்கழிக்க வேண்டும்' என்று இரக்கத்தோடு சொல்கிறார்கள். முதலாவது அவமதிப்பு என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதும் அநீதிதான், அது மென்மையான குரலில் வருவதால் நமக்குத் தெரிவதில்லை. வேர்ப்பள்ளத்தில் ஒட்டியிருந்த அந்தக் காரைத் துண்டுக்கு நோயாளி கொழும்பில் இருக்கிறாரா லயத்தில் இருக்கிறாரா என்பது தெரியாது. ஆறு மில்லிமீற்றருக்குக் கீழே பை இறங்க மறுத்தால், பற்படலமும் கட்டுக்குள் இருந்தால், சத்திரசிகிச்சை அவருடைய உரிமை. அதை வழங்குவதற்கான பயணத்தையும் நாளையும் குறைத்துக் கொடுப்பது எங்கள் வேலை.

பராமரிப்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அவருடைய நீரிழிவுக் கிளினிக் நாளிலேயே பல் பிரிவிலும் பதிவு செய்திருக்கிறோம். ஒரே நாள், ஒரே பஸ், ஒரே ஒரு பேர் நட்டம். வெற்றிலை நாளைக்கு இரண்டு முறையாகக் குறைந்திருக்கிறது, புகையிலை இல்லை. மேல் வலது பக்கத்தை அடுத்த வருகையில் மீண்டும் அளப்பேன். 6 மில்லிமீற்றருக்குப் போயிருந்தாலோ, சீழ் வந்தாலோ, கொழுந்து குறையும் மாதத்தில் பேராதனையில் நாள் வாங்குவதாக இருவரும் பேசி முடித்திருக்கிறோம். இந்தமுறை நாளைத் தேர்ந்தெடுப்பவர் அவர்தான்.